வேடந்தாங்கல்: உழவும் ஏரியும் வளர்த்த வரலாறு

நாட்டு வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பேரூர்களும் தலைநகரங்களுமே. காஞ்சி, தஞ்சை, மதுரை, வஞ்சி என்று அடுக்கிச் சொல்லி மகிழ்வோம். அங்கே கோட்டைகள் எழுந்தன, கோயில்கள் உயர்ந்தன, மன்னர் முடிசூடினர். ஆனால் அக்கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் நெல் அளந்த சிற்றூர்களின் வரலாற்றை எழுதுவார் மிகச் சிலரே. உழுது, விதைத்து, அறுத்து, மீண்டும் உழுதலையே வாழ்வாகக் கொண்ட ஓர் ஊருக்கு வரலாறு என்று ஒன்று உண்டோ என ஐயுறுவாரும் உளர். உண்டு என்பதற்குத் தொண்டை நாட்டுச் சிற்றூர் ஒன்று சான்று பகர்கின்றது. அதுவே வேடந்தாங்கல்.

வேடந்தாங்கல் என்றதும் பறவைகளே நினைவில் எழும். பள்ளிப் பாடநூல்களில் பறவைகள் புகலிடம் என்று அவ்வூரைப் படித்தோம். குளிர்காலத்தில் அங்கே சென்று, கரைமேல் நின்று, நாரைகளைக் கண்டு திரும்பியவர் பல்லாயிரவர். அப்படித் திரும்புவோர் ஏரிக்கரையின் ஒரு பக்கத்தையே பார்க்கின்றனர். மறுபக்கத்தில் நெல்வயல்கள் விரிந்து கிடக்கின்றன. இவ்வூரின் வரலாறு தொடங்குவது அந்த வயல்களிலேதான். ஆகவே உழவரிடமிருந்து தொடங்கிப் பறவைகளிடம் செல்வதே முறை எனக் கருதுகிறேன்.

இருப்பிடமும் நில அமைப்பும்

சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், செங்கல்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் வட்டத்தில் வேடந்தாங்கல் அமைந்துள்ளது. சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் செங்கல்பட்டைக் கடந்து படாளத்தில் மேற்கே திரும்பினால் இவ்வூரை அடையலாம். இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் மாவட்டத்தினின்று பிரித்து அமைக்கப்பட்டதாயினும், அப்பெயர் கொண்ட பழைய பெரிய மாவட்டத்தை ஆங்கிலேயர் ஆட்சிக்காலம் முதலே தமிழகம் அறியும். அதனை 'ஏரி மாவட்டம்' என்றே சிறப்பித்துக் கூறுவர்.

அப்பெயர் காரணத்தோடு வந்ததாகும். தொண்டை நாட்டிற்குக் காவிரி போன்றதொரு பேராறு வாய்க்கவில்லை. பாலாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணலாறாகவே கிடக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பெய்யினும், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் சில நாள்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அவ்வாறு கொட்டும் நீரை நிறுத்தி வைக்காவிடில் அது ஒரே வாரத்தில் கடலைச் சேரும். பின்னர் எஞ்சிய மாதங்களில் உழவன் வானத்தை அண்ணாந்து பார்த்திருக்க வேண்டியதுதான்.

எனினும் இயற்கை இந்நாட்டிற்கு ஒரு வசதியைச் செய்து கொடுத்துள்ளது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகின்றது. அச்சரிவுக்குக் குறுக்கே வளைவாக ஒரு கரை எழுப்பினால் நீர் நிற்கும். அவ்வேரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியே வழிந்து, கீழேயுள்ள அடுத்த ஊரின் ஏரிக்குச் செல்லும். இவ்வாறு சங்கிலிக் கண்ணிகளைப் போல ஏரிகள் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன. இன்று தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன என்பர். இவற்றுள் பெரும்பாலானவற்றை வெட்டியவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பெயர் தெரிந்த ஏரிகளும் உண்டு. மகேந்திரவாடியில் மகேந்திர தடாகமும், கூரத்தில் பரமேசுவர தடாகமும், உத்தரமேரூரில் வயிரமேக தடாகமும் பல்லவர் காலத்தில் விளங்கின. சோழர் காலத்தில், முதற் பராந்தகனின் ஆட்சியில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை உலகறியச் செய்தன. அக்கல்வெட்டுகள் கூறும் வாரியங்களுள் 'ஏரி வாரியம்' என்பதும் ஒன்று. ஏரியைக் காப்பதற்கெனத் தனியே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்த நாடு இது என்பதை நாம் மறத்தலாகாது. உத்தரமேரூர் வேடந்தாங்கலுக்கு வடமேற்கே உள்ளது. தென்கிழக்கே மதுராந்தகன் உத்தம சோழனின் பெயரைத் தாங்கிய மதுராந்தகம், தன் பேரேரியோடு திகழ்கின்றது. புகழ்பெற்ற இவ்விரண்டு ஏரியூர்களுக்கும் இடையே, புகழை நாடாது ஒதுங்கிக் கிடந்த சிற்றூரே வேடந்தாங்கல்.

பெயர்க் காரணம்

'தாங்கல்' என்னும் சொல் தொண்டை நாட்டில் சிறிய ஏரியைக் குறிக்கும். சென்னையைச் சூழ்ந்துள்ள பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் வாழ்கின்றது. பாண்டிய நாட்டார் இத்தகைய நீர்நிலையை 'ஏந்தல்' என்பர். நீரைத் தாங்குவது தாங்கல், ஏந்துவது ஏந்தல். இரண்டும் ஒரு கருத்தில் பிறந்த சொற்களே. பறவைகள் வந்து தங்குவதால் தாங்கல் ஆயிற்று என்று சிலர் கூறுவது செவிக்கு இனிமையாக இருப்பினும் பொருந்துவதன்று.

ஆகவே வேடந்தாங்கல் என்பது 'வேடன் ஏரி' எனப் பொருள்படும். வேடன் பெயரால் விளங்கும் ஊர் பறவைகளுக்கு அடைக்கலம் தந்தது வியப்பிற்குரியதாகத் தோன்றலாம். தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையைக் கற்றோர் இதனை வேறு விதமாக எண்ணிப் பார்ப்பர். காஞ்சி செல்லும் பாணனின் வழியில் எயினர் குடியிருப்பும், ஆயர் பாடியும், உழவர் ஊரும் அடுத்தடுத்து வருகின்றன. வேட்டையும் மேய்ச்சலும் உழவும் அண்டையயலாக வாழ்ந்த நாடு அது. காலப்போக்கில் காடு திருத்தப்பட்டுக் கழனியாயிற்று. பெயர் மட்டும் பழைய வாழ்வின் அடையாளமாக நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டிலும் நிலக்கிழார்கள் இப்பக்கத்தில் வேட்டையாட விரும்பி வந்தனர் என்பர். அவ்வேட்டையை நிறுத்தியவர்கள் யார், எதற்காக நிறுத்தினர் என்பதே இவ்வூர் வரலாற்றின் நடுப்பகுதியாகும்.

சிற்றேரியின் அமைப்பு

வேடந்தாங்கல் ஏரி பெரியதன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். ஏக்கர்க் கணக்கில் 74. எந்த ஏரிக்கும் உரிய உறுப்புகள் இதற்கும் உண்டு. மழைநீரைக் கொணரும் வரத்துக்கால், நீரைத் தடுக்கும் கரை, வயலுக்கு நீர் விடும் மதகு, மிகுநீரை வெளியேற்றும் கலங்கல், கரைக்குக் கீழே பாசனம் பெறும் ஆயக்கட்டு ஆகிய இவை ஐந்தும் கூடியதே ஏரி. இவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் மற்ற நான்கும் பயனற்றுப் போகும்.

இவ்வைந்தையும் பேணும் பொறுப்பு முற்காலத்தில் ஊராருடையதாகவே இருந்தது. கோடையில் ஏரி வற்றியதும் அடியில் படிந்த வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றித் தம் வயல்களில் பரப்புவர். ஏரி ஆழமாகும், வயல் வளமாகும். நீரைப் பங்கிடும் நீர்க்கட்டிக்கு விளைச்சலில் ஒரு பங்கு அளந்தனர். 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்னும் பொறியாளர் செங்கல்பட்டுப் பகுதியில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஒவ்வோர் ஊரும் தன் விளைச்சலில் எந்தெந்தப் பணிக்கு எவ்வளவு ஒதுக்கியது என்பதை அக்கணக்குகள் காட்டுகின்றன. அறிஞர் தரம்பால் அவற்றை வெளிக்கொணர்ந்து, நம் சிற்றூர்கள் தம்மைத் தாமே ஆண்டுகொண்ட முறையை நாடறியச் செய்தார். விளைச்சல் களத்தைவிட்டு வீடு செல்லுமுன்பே பொதுப்பணிக்குரிய பங்கு அளந்து எடுக்கப்பட்டது. இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் வேடந்தாங்கல் மக்கள் செய்த செயலின் பொருள் நமக்கு விளங்கும்.

எச்சமும் எருவும்

ஏரியின் உள்வாயில் நீர்க்கடம்பு மரங்கள் தோப்பாக வளர்ந்துள்ளன. மாதக்கணக்கில் நீரில் நின்றாலும் அழுகாத மரம் நீர்க்கடம்பு. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் அம்மரங்களின் அடிப்பகுதி நீரில் அமிழும்; மேற்பகுதி பசுந்தீவுகளைப் போல் நிற்கும். கூடு கட்டும் பறவைக்கு இதனினும் பாதுகாப்பான இடம் வேறில்லை. நரியோ பூனையோ நீரைக் கடந்து எளிதில் வர இயலாது.

நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, சாம்பல் நாரை எனப் பலவகைப் பறவைகள் இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கிளுவை, நீலச்சிறகி, ஊசிவால் வாத்து முதலியன வடக்கே நெடுந்தொலைவிலிருந்து வந்து, இங்கே கூடு கட்டாமல் குளிர்காலத்தை மட்டும் கழித்துச் செல்வன. மதுரையில் குளிரில் வாடிய சத்திமுற்றப் புலவர் வடதிசை ஏகும் நாரையைத் தம் மனைவியிடம் தூது விடுத்ததை நாம் படித்துச் சுவைத்திருக்கிறோம். பறவைகள் பருவமறிந்து திசை மாறிச் செல்வதைத் தமிழர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். புலவர் நாரைக்குச் செய்தி கொடுத்தார். வேடந்தாங்கல் உழவர் அதற்கு மரமும் நீரும் கொடுத்தனர்.

உழவர் கொடுத்ததற்குக் கைம்மாறும் பெற்றனர். ஆயிரக்கணக்கான பறவைகள் நான்கைந்து மாதங்கள் தங்கும்போது அவற்றின் எச்சம் இடைவிடாது நீரில் விழுகின்றது. பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் நிறைந்துள்ளன. அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்போது எருவும் உடன் பாய்கின்றது. உரமூட்டை என்பதையே அறியாத காலத்தில் இது எத்துணைப் பெரும்பேறு என்பதை உழவுத் தொழில் அறிந்தோர் உணர்வர்.

இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. 74 ஏக்கர் ஏரியிலுள்ள மீன்கள் இத்துணைப் பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் போதா. ஆகவே அவை சுற்றியுள்ள ஏரிகளுக்கும் நெல்வயல்களுக்கும் பறந்து சென்று இரை தேடுகின்றன. நீர்க்காகமும் கூழைக்கடாவும் மீன் பிடிக்கின்றன. நத்தைகுத்தி நாரை தன் பெயருக்கேற்ப வயல்களில் நத்தையைத் தேடித் தின்கின்றது. இரை பல ஊர்களில். கூடு ஓர் ஊரில். பல ஊர்களின் வளம் பறவைகளின் வயிற்றில் பயணம் செய்து இந்த ஒரே ஏரியில் வந்து சேர்கின்றது. வரத்துக்கால் வழியே நீர் வருவது போல வான் வழியே எரு வருகின்றது எனலாம்.

பருவமும் இதற்கு ஒத்து அமைந்துள்ளது. செங்கல்பட்டுப் பகுதியில் சம்பா, நவரை, சொர்ணவாரி என மூன்று நெற்பருவங்கள் உண்டு. கார்த்திகை, மார்கழியில் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கின்றன. தை முதல் நவரைப் பயிருக்கு நீர் வேண்டும். அப்போது எச்சம் கலந்து வளமேறிய நீர் ஏரியில் நிற்கும். ஆனால் ஆசை மிகுந்து மதகை அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் ஏரி விரைவில் வற்றும்; மரங்கள் தரையில் நிற்கும்; குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு இராது. மறு ஆண்டு பறவைகளும் வாரா, எருவும் வாராது. ஆகவே இன்றைய நீரில் சிறிது விட்டுக் கொடுத்தால்தான் நாளைய வளம் நிலைக்கும் என்பதை இவ்வேரி தன் உழவருக்கு ஆண்டுதோறும் கற்பிக்கின்றது. மழை பொய்த்த ஆண்டுகளில் பறவைகள் மிகக் குறைவாகவே வருகின்றன. உழவனுக்கும் நாரைக்கும் நல்ல காலமும் கெட்ட காலமும் ஒன்றே.

கவுல் பெற்ற வரலாறு

1763ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1780ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படையெடுப்பால் இச்சீமை பெரிதும் பாழாயிற்று. ஊர்கள் வெறிச்சோடின, ஏரிகள் பேணுவாரின்றித் தூர்ந்தன. அந்நிலையில் 1794ஆம் ஆண்டில் ஜாகீரின் கலெக்டராக வந்தவர் லியோனல் பிளேஸ் என்பவர். வரி வேண்டுமாயின் விளைச்சல் வேண்டும், விளைச்சல் வேண்டுமாயின் ஏரி வேண்டும் என்பதைக் கண்டுகொண்ட அவர், ஏரிகளைப் பழுது பார்ப்பதில் முனைந்தார். மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் கோயில் கதையில் வரும் கலெக்டர் துரை இவரே. பெருமழையில் உடையவிருந்த ஏரிக்கரையை இராமபிரானும் இலக்குவனும் வில்லேந்தி நின்று காத்ததை அவர் கண்டாரெனவும், அதன்பின் தாயார் சன்னிதித் திருப்பணியைச் செய்வித்தாரெனவும் அவ்வூரார் கூறுவர். அச்சன்னிதியில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டும் உள்ளது.

அந்தப் பிளேஸ் துரையிடமே வேடந்தாங்கல் மக்களும் சென்றனர். ஆங்கிலச் சிப்பாய்கள் ஏரிப்பக்கம் வந்து பறவைகளைச் சுட்டதாகவும், ஊரார் செங்கல்பட்டுக்குச் சென்று கலெக்டரிடம் முறையிட்டதாகவும் மரபுச் செய்தி கூறுகின்றது. அதன் விளைவாக, பறவைகளை எவரும் சுடலாகாது, அவற்றைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என அவர் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். இது 1798ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்ததாகும்.

'கவுல்' என்பது அரபு மூலம் கொண்ட சொல். அரசு தன் குடிக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை அது குறிக்கும். பாழ்நிலத்தைத் திருத்துவோருக்கு வரிச்சலுகை தருவதற்கும், குத்தகைக்கு விடுவதற்கும் கவுல் எழுதுவது வழக்கம். நிலத்திற்கும் வரிக்கும் எழுதப்பட்டு வந்த அதே ஆவணத்தைப் பறவைகளுக்காக ஓர் உழவூர் கேட்டுப் பெற்றது என்பதை எண்ணும்போது உள்ளம் பெருமிதம் கொள்கின்றது.

இக்கவுலின் மூலப்படி பின்னர் தொலைந்துவிட்டது. ஊரார் அதனை அப்படியே விட்டுவிடவில்லை. 1858ஆம் ஆண்டில் மீண்டும் கலெக்டரிடமிருந்து புதுப்பித்த ஆணையைப் பெற்றனர். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்து பழகியவன் என்ற முறையில், இச்செயல் என்னைப் பெரிதும் கவர்கின்றது. ஆணையைப் பெறுவது ஓர் எழுச்சியில் நடந்துவிடலாம். இரு தலைமுறைகள் கழிந்த பின்னும் அதன் நினைவை இழவாது, தாள் இல்லாத நிலையில் உரிமையை நிலைநாட்டி, மறுபடி எழுதி வாங்குவதற்கு எழுச்சி மட்டும் போதாது, விடாப்பிடியும் வேண்டும். 1858 என்பது கம்பெனி ஆட்சி முடிந்து முடியாட்சி ஏற்பட்ட ஆண்டு என்பதும், ஏரி, வாய்க்கால் பணிகளுக்கு ஊராரைக் கட்டாயமாக ஈடுபடுத்தும் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான் என்பதும் கருதத்தக்கன. தானே விரும்பிச் செய்துவந்த குடிமராமத்தைச் சட்டத்தின் கோல் கொண்டு செய்விக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அத்தகைய காலத்திலும் இவ்வூர் தன் ஏரியைப் பற்றிய பொறுப்பைத் தானே கேட்டு வாங்கியது.

உலகின் முதல் தேசியப் பூங்கா எனப் பெறும் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் 1872ஆம் ஆண்டில் அமைந்தது. வேடந்தாங்கல் கவுல் அதற்கு 74 ஆண்டுகள் முந்தியது. அங்கே அரசு ஒதுக்கியது. இங்கே ஊர் கேட்டது.

பரத்பூர் கூறும் பாடம்

தலைநகரில் வாழும் நம்மில் பலர் பரத்பூர் கேவலாதேவ் பறவைகள் பூங்காவுக்குச் சென்று வந்திருப்போம். அழகிலும் பரப்பிலும் வேடந்தாங்கலை விஞ்சியது அது. ஆனால் அதன் வரலாறு வேறு. பரத்பூர் அரசர்கள் வாத்து வேட்டைக்காக வளர்த்த நீர்நிலை அது. எந்தெந்த நாளில் யார் யார் வந்து எத்தனை பறவைகளைச் சுட்டனர் என்ற கணக்கு அங்கே கல்லில் பொறிக்கப்பட்டு இன்றும் நிற்கின்றது. 1938ஆம் ஆண்டு நவம்பரில் வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன.

பின்னர் அதுவும் காப்பிடமாயிற்று. 1982ஆம் ஆண்டில் பூங்காவில் கால்நடை மேய்ச்சல் தடுக்கப்பட்டபோது சுற்றுக் கிராமத்தார் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் போயின. எருமைகள் மேயாது போகவே நீர்நிலைகளில் புல் மண்டிப் பறவைகளுக்கு இடையூறாயிற்று என்று ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக் காட்டினர். ஊரை விலக்கிப் பறவையைக் காக்க முற்பட்டபோது பறவைக்கும் நன்மை விளையவில்லை.

இவ்வொப்புமை வடக்கைத் தாழ்த்தவோ தெற்கை உயர்த்தவோ கூறப்பட்டதன்று. தமிழகத்திலும் வேட்டையாடிய நிலக்கிழார்கள் இருந்தனர் என்பதை முன்னரே கண்டோம். அரச வேட்டையில் தொடங்கிய காப்பிடமும் உழவர் விருப்பத்தில் தொடங்கிய காப்பிடமும் தன்மையால் வேறுபடும் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. வேடந்தாங்கலைப் போலவே திருநெல்வேலிச் சீமைக் கூந்தன்குளத்திலும், சிவகங்கைப் பகுதி வேட்டங்குடியை அடுத்த கொள்ளுகுடிப்பட்டியிலும் சிற்றூர் மக்கள் பறவைகளைத் தம் ஊராராகவே கருதிக் காத்து வருகின்றனர். கொள்ளுகுடிப்பட்டியார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

சட்டத்தின் துணை

இருபதாம் நூற்றாண்டில் அரசின் பாதுகாப்பு படிப்படியாக வலுப்பெற்றது. 1936ஆம் ஆண்டில் வேடந்தாங்கல் புகலிடமாக ஏற்கப்பட்டது. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா இமயமலை அடிவாரத்தில் அமைக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே ஆகும். 1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. அருகிலுள்ள கரிக்கிலி ஏரி 1989ஆம் ஆண்டில் பறவைகள் காப்பிடமாயிற்று. 1998ஆம் ஆண்டில் வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியும் காப்பிடத்துள் சேர்க்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளைக் கொண்ட ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

அதிகாரிகள் செய்ததற்கு இணையாக எழுத்தாளர் ஒருவர் செய்த தொண்டையும் நினைவுகூர வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) வேடந்தாங்கல் பறவைகளைப் பல ஆண்டுகள் கண்டு ஆராய்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். இவ்வூரார் பெற்ற கவுலின் பெருமை படித்தவரிடையே பரவியதில் அவருக்குப் பங்குண்டு.

5 கிலோமீட்டர் எல்லை எதற்கு என்று கேட்பவருக்கு விடை முன்னரே கூறப்பட்டது. கூடு இந்த ஏரியில், இரையோ சுற்றுவட்டாரத்தில். சுற்றியுள்ள ஏரிகளும் வயல்களும் இல்லாத வேடந்தாங்கல் ஏரி, சமையலறை இல்லாத வீடு போன்றது. 2020ஆம் ஆண்டில் இவ்வெல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை எழுந்தபோது பரவலான எதிர்ப்பு தோன்றியது. 5இலிருந்து 3 என்றால் சிறு குறைப்பாகத் தோன்றும். ஆனால் ஒரு வட்டத்தின் ஆரம் அவ்வளவு குறைந்தால் அதன் பரப்பில் நூற்றுக்கு 36 பங்கே எஞ்சும். தாளில் சிறிதாகத் தெரியும் எண் தரையில் எவ்வளவு பெரிதாகிறது என்பதை இக்கணக்கால் அறியலாம்.

நாம் செய்யத்தக்கது

இப்போது எல்லை காப்பதைவிடக் கடினமான வினா ஒன்று எழுகின்றது. உழவருக்கு ஏரி நீர் வேண்டியிருந்தது. ஏரி நீருக்குப் பறவையின் எச்சம் வளம் சேர்த்தது. ஆகவே உழவர் பறவையைக் காத்தனர். இவ்வுறவில் முதல் கண்ணி உழவு. அது தளர்ந்தால் மற்றவை எவ்வாறு நிற்கும்? நெடுஞ்சாலையின் இருமருங்கும் நிலம் வீட்டுமனையாகவும் தொழிற்கூடமாகவும் மாறி வருதலை அவ்வழியே பயணம் செய்வோர் கண்கூடாகக் காண்கின்றனர். விலை கொடுத்து வாங்கும் உரம் வந்த பின், ஏரி எருவின் அருமை முன்போல் உணரப்படுவதில்லை. ஆழ்குழாய்க் கிணறு வந்த பின், மதகைப் பற்றிய கவலையும் குறைகின்றது. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து நத்தையோடும் மீனோடும் நின்றுவிடாது. அவற்றைத் தின்னும் பறவையையும் சேரும்.

காவலரை நியமிக்கலாம், வேலி போடலாம், பார்வைக் கோபுரம் கட்டலாம். இவை யாவும் தேவையே. ஆயினும் 1798ஆம் ஆண்டில் செங்கல்பட்டுக்கு நடந்து சென்றவர்கள் எவருடைய சம்பளமும் பெற்றவர்கள் அல்லர். தம் வயலுக்கும் நாரைக்கும் உள்ள தொடர்பை அறிந்தவர்கள் அவர்கள். உயிரிரக்கமும் தன்னலமும் அவர்களிடத்தில் முரண்படவில்லை. இரண்டும் சேர்ந்திருந்தமையாலேயே அவ்வொழுக்கம் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. வெறும் இரக்கமாயின் ஒரு பஞ்சத்தில் மறைந்திருக்கும். வெறும் ஆதாயமாயின் ஓர் உரமூட்டையோடு முடிந்திருக்கும்.

ஆகவே வேடந்தாங்கல் பறவைகளைக் காக்க விரும்புவோர் அவ்வட்டாரத்து உழவரையும் காக்க வேண்டும். வரத்துக்கால்கள் தூர் வாரப்படுதல், சுற்றுவட்டார ஏரிகள் பேணப்படுதல், நஞ்சு குறைந்த முறையில் விளைந்த நெல்லுக்கு உழவர்க்கு உரிய விலை கிடைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால், கவுல் எழுதித் தருவார் இல்லாவிடினும் காப்பு நிலைக்கும். நிலத்தோடு நீரைச் சேர்த்தவரே உயிரைப் படைத்தவராவர் என்னும் கருத்தைப் புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு எடுத்துரைத்தார். மன்னனுக்குப் புலவர் கூறிய அவ்வறிவுரையைத் தொண்டை நாட்டுச் சிற்றூர் ஒன்று கூறுவாரின்றியே கடைப்பிடித்தது.

வாழ்க்கைத் தேவையின் பொருட்டு ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம் ஒவ்வொருவருக்கும் தமிழகத்தில் ஒரு சிற்றூர் உண்டு. அவ்வூருக்கு ஓர் ஏரியோ குளமோ இருக்கும். அதற்கு ஒரு பெயரும், அப்பெயருக்கு ஒரு காரணமும், அதைப் பேணியவர்களின் கதையும் இருக்கும். விடுமுறையில் செல்லும்போது கோயிலைத் தொழுது வருவதோடு நில்லாமல், ஊர் முதியோரிடம் அந்நீர்நிலையின் வரலாற்றைக் கேட்டு எழுதி வைத்தல் நம் கடன். தொலைந்த கவுலை 1858ஆம் ஆண்டில் வேடந்தாங்கலார் மறுபடி எழுதி வாங்கியது, அதன் நினைவைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தவர்கள் இருந்தமையால்தான்.